தந்தியை ஆராய்ந்த சர் சி. வி. இராமன்

சர் சி. வி. இராமன் என்றதும் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியும், அதற்காக அவர் 1930ஆம் ஆண்டில் பெற்ற நோபல் பரிசுமே நம் நினைவிற்கு வரும். அதற்கு முன்னர்ப் பல்லாண்டுகள் அவர் இசைக்கருவிகளின் தந்திகளை ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், வயலினும் வாசிப்பார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இராமன், 1904இல் பி.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறினார். அந்நாளில் அறிவியலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துதல் அரிது. ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதி, 1907இல் கல்கத்தாவில் அரசாங்க உயர் அலுவலரானார். அப்பொழுது அவருக்கு வயது 18. துணைவியார் உலோகசுந்தரி அம்மையார் வீணை பயின்றவர்.

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. இராமன் விடியற்காலையில் அங்குச் செல்வார், பின்னர் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவாகிவிடும்.

அவர் தந்தியில் கண்டதுதான் என்ன? கவட்டையில் இரப்பர் வாரைக் கட்டிக் கல்லெறிவதை நம் தோட்டத்துப் பிள்ளைகள் நன்கறிவர். வாரை இழுக்கும்போது நம் கை செய்யும் வேலை வீணாவதில்லை. இழுபட்ட இரப்பரில் அது சக்தியாகச் சேர்ந்து நிற்கிறது. விட்டவுடன் அச்சக்தி கல்லின் ஓட்டமாக மாறுகிறது. பால்மரம் தந்த இரப்பருக்கு உள்ள இந்த மீள்தன்மை, எஃகுத் தந்திக்கும் உண்டு. வீணைத் தந்தியை விரலால் ஒருபுறம் இழுத்து விட்டால், சேர்ந்த சக்தி இயக்கமாகித் தந்தி அதிர்கிறது. இருமடங்கு தூரம் இழுத்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தி சேரும். அதனால்தான் சற்றே அழுந்த மீட்டினாலும் ஒலி பெரிதாகிறது.

வயலினில் இது இன்னும் வியப்பானது. வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கும். ஓரளவு சென்றதும் தந்தி நழுவித் திரும்பும். உடனே மீண்டும் பற்றும். ஒரு வினாடியில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது! மனிதக் கை ஒரே சீராக வில்லிழுக்க முடியாதன்றோ? ஆதலின் வில்லை நிலையாக நிறுத்தி, வயலினையே முன்னும் பின்னும் நகர்த்தும் பொறி ஒன்றை அமைத்து ஆராய்ந்தார். தம்பூராவின் அகன்ற குதிரைமேல் தந்திக்கடியில் செருகும் சிறு நூல், அதன் ஒலிக்கு எத்துணை வளம் சேர்க்கிறது என்பதை 1921இல் விளக்கினார். மிருதங்கத்தின் நடுவிலுள்ள கருஞ்சாந்தே அதற்கு இனிய சுருதி தருகிறது என்பதும் அவர் காட்டியதே. பிரிக்பீல்ட்ஸில் மிருதங்கம் பயிலும் நம் மாணவர் இதனை அறிந்தால் மகிழ்வர்.

இடையில், 1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியமோ அரசாங்கப் பதவியினும் மிகக் குறைவு. மனைவியுடன் வாழும் ஒருவர் பெரும் பதவியைத் துறப்பது எளிதன்று. பெற்றோர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இராமன் பதவியைத் துறந்தார். பகற்பொழுதும் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு புலப்பட்டது அதன் பின்னரே.

1933இல் பெங்களூர் சென்றவர், 1948இல் அங்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1970 நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அந்நிலையத்தின் தோட்டத்திலேயே அவருடல் எரியூட்டப்பட்டது. அங்கு நினைவு மண்டபம் எழுப்பவில்லை. ஒரு மரம் மட்டும் நட்டனர்.