அடைக்கலப் பொருளைக் காத்த அறிஞர்

பிறர் நம்பி ஒப்படைத்ததைக் குறைக்காமலும் கூட்டாமலும் காத்தளிப்பவரே நம்பிக்கைக்கு உரியவர். அத்தகைய சான்றோர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

1855ஆம் ஆண்டு பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்று, 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியரானார். அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் பாடம் கேட்க விழைந்தார். நச்சினார்க்கினியர் உரையின் துணையிருந்தும் சமண சமயச் செய்திகள் பல ஐயருக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல் காட்டிக்கொள்ள அவர் உள்ளம் ஒப்பவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று, ஆசிரியராகிய அவரே மாணாக்கராய் அமர்ந்து ஐயம் தெளிந்தார்.

அவர் சைவ மடத்தில் பயின்றவர். எனினும், அவருடைய நேர்மையைக் கண்ட நம் முன்னோர், வழிவழியாகப் போற்றிவந்த பொருளை மனம் திறந்து உரைத்தனர். அந்நம்பிக்கையை அவர் பொய்யாக்கவில்லை. ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டார். சமண நூலைப் பதிப்பதற்கு எழுந்த எதிர்ப்புக்கும் தளரவில்லை. திருத்தக்கதேவரின் காப்பியம் சமணக் காப்பியமாகவே 1887இல் அச்சேறியது.

பின்னர்ப் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியன வெளிவந்தன. தம் பதிப்புகளில் பாடபேதங்களையும் அவர் காட்டினார். தாம் கொண்ட பாடத்தைப் பிறர் ஆராய்ந்து பார்க்க அது வழிவிட்டது.

1942இல் ஐயர் மறைந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்பும் நெஞ்சமே நம்பகத்தின் வேர். அன்று சமண இல்லங்கள் அவரிடம் வைத்த நம்பிக்கையின் பயனை, இன்று சிந்தாமணி ஓதும் ஒவ்வோர் இல்லமும் துய்க்கிறது.