மதுரை டு ஹீத்ரோ: பென்னிகுயிக் கடந்த தூரம்

எங்க தேனியில ஏர்போர்ட் கிடையாது. கம்பத்துல இருந்து லண்டன் போகணும்னா முதல்ல மதுரை. அங்கேயும் டைரக்ட் ஃப்ளைட் இல்லை, கொழும்பிலோ சென்னையிலோ மாறணும். இரண்டு ஏர்போர்ட்டுகளோட அட்சரேகை, தீர்க்கரேகையை ஹாவர்சைன் ஃபார்முலாவில் போட்டால் சுமார் 8,360 கிலோமீட்டர் வரும். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் நிற்காமல் பறந்தால் பத்து மணி நேரத்துக்குள் முடிஞ்சிடும். அதுக்கே நமக்கு கால் வீங்கிடும்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு யார் பேரை வெச்சிருக்காங்களோ, அந்த கர்னல் ஜான் பென்னிகுயிக் இதையெல்லாம் கப்பலில் கடந்தவர். பிறந்தது புனேயில், 1841 ஜனவரி 15. எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னாடி, பஞ்சாபில் சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்துட்டாங்க. இங்கிலாந்தில் படித்து, அடிஸ்கோம்பில் ராணுவப் பயிற்சி முடித்து, 1860-ல் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் அதிகாரியாகத் திரும்பி வந்தார். அப்போ வயசு 19. நம்மில் பலர் அந்த வயசில் செகண்ட் இயர் அரியர் எழுதிட்டிருந்தோம். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் மாதக்கணக்கு. எகிப்தில் இறங்கி ரயிலில் போய் வேறு கப்பல் ஏறினாலும் ஒரு மாதத்துக்கு மேல.

ஆனா அவரை ரொம்ப இழுத்தடித்த தூரம் கடலில் இல்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பணும். நடுவில் குடைய வேண்டியிருந்த சுரங்கம் சுமார் 1.7 கிலோமீட்டர்தான். 1882-ல் திட்ட வேலை அவர் கைக்கு வந்தது. திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை 1886-ல், கட்டுமானம் ஆரம்பித்தது 1887-ல், அணை திறந்தது 1895 அக்டோபர் 10. மொத்தம் பதின்மூன்று வருஷம்!

ஏன் அவ்வளவு நேரம்? பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து லோயர் கேம்புக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டுவண்டிப் பாதை. அதுக்கப்புறம் மலை, காடு. குருவனூத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லையும் மேலே ஏற்றணும். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலேரியாவிலும் காலராவிலும் இறந்த தொழிலாளிகள் ஏராளம். சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை எங்க ஊர்ல எல்லாருமே சொல்வாங்க. அதுக்கு உறுதியான ஆவணம் இதுவரை வரலை. என்னைக் கேட்டால், அந்தக் கதை இல்லாமலேயே அவர் பெரிய ஆள்தான்.

1896-ல் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தலைவரானார். அது இன்றைய ஹீத்ரோவுக்கு ரொம்பப் பக்கம். 1899-ல் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு ஆலோசனை சொல்ல ஆஸ்திரேலியா வரைக்கும் போனார், அதுவும் கப்பலில்தான். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் இறந்தார். கல்லறை அடுத்த ஊரான ஃப்ரிம்லியில், செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சில் இருக்கு.

இங்கே பாலார்பட்டியில் பொங்கலுக்கு அவர் பிறந்தநாளும் சேர்ந்து வருது. லோயர் கேம்பில் மணிமண்டபம் 2013-ல் வந்தது, கேம்பர்லியில் தமிழ்நாடு அரசு வைத்த சிலை 2022-ல். எம்.எஸ். படிக்க லண்டன் போறவங்க கவனிங்க: வாட்டர்லூவில் ரயில் ஏறி ஆஸ்காட்டில் மாறினால் கேம்பர்லி. அடுத்த ஸ்டேஷன் ஃப்ரிம்லி.