டின்பாலை எதிர்த்து நின்ற டாக்டரம்மா

தோட்டத்துத் தாய்மார்களே, நம் பாட்டிமார் காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டு. கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, டின்பால் கரைத்த போத்தலையும் கொடுத்துவிட்டு வெட்டுக்குப் போவார்கள். வெயில் ஏறுமுன் பால் புளித்துப் போகும், ஈ மொய்க்கும். சாயங்காலம் பிள்ளைக்குப் பேதி. கண்ணூறு என்பார்கள், பல் முளைக்கிறது என்பார்கள். போத்தலைச் சந்தேகப்பட்டவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அப்படிச் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

1893-இல் ஜமைக்கா தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1923-இல் டாக்டரானார். 1929-இல் ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டுக்கு வேலைக்குப் போனார். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட குழந்தைகள் உடல் வீங்கிச் சாவதைக் கண்டார். அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்திருந்த குவாஷியோர்கர் என்ற பெயரையே மருத்துவ உலகுக்குச் சொன்னார்.

1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். நம் ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் வேலை. அங்கே டின்பால் கம்பெனிகள் பெண்களுக்கு நர்ஸ் உடுப்பு மாட்டி வீடு வீடாக அனுப்பின. தாய்மார் நம்பினார்கள். பிள்ளை மார்பை விட்டதும் தாய்ப்பாலும் வற்றிப் போனது. டின்பாலிலோ சீனிதான் அதிகம். ஏழை வீட்டில் ஒரு டின் பல நாள் வரவேண்டுமே என்று தண்ணீரைக் கூட்டினார்கள். தண்ணீரும் கொதிக்கவில்லை, போத்தலும் கொதிக்கவில்லை. பேதியில் பிள்ளைகள் போயின.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பெரிய மனிதர்கள் முன்னால், பாலும் கொலையும் என்ற தலைப்பில் பேசினார். பொய் விளம்பரத்தால் பிள்ளை செத்தால் அதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வாதாடினார்.

பிறகு ஜப்பான்காரன் காலம். சாங்கிச் சிறையில் அடைபட்டார், பட்டினி கிடந்தார். அங்கே 20 குழந்தைகள் பிறந்தன. டின்பாலுக்கு வழியில்லை. இருபதுக்கும் தாய்ப்பால்தான். இருபதும் பிழைத்தன!

1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பகுதிக்கு முதல் தலைவரானார். குழந்தைப் பால் விளம்பரத்துக்கு அந்த நிறுவனம் 1981-இல் விதிமுறை வகுத்தது. 1992-இல், 98 வயதில், அம்மையார் காலமானார்.

அவர் கண்டது இன்றைக்கும் உண்மை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த பாத்திரத்தில் மூடி வைத்துப் போகலாம். பார்த்துக்கொள்கிறவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிண்ணத்தால் ஊட்டட்டும். மாவுப்பால்தான் வழி என்றால் டின்னில் போட்ட அளவைக் குறைக்காதீர்கள். தண்ணீரையும் போத்தலையும் கொதிக்க வையுங்கள். மிச்சப் பாலைக் கொட்டிவிடுங்கள்.

பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் ஓ.ஆர்.எஸ். பொடி கேட்டு வாங்கிக் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.