குண்டுக்குத் தப்பியவர்

பீகாரில் மோதிஹாரி என்று ஒரு ஊர். 1903-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, அங்கு ஒரு ஆங்கிலேயக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எரிக் பிளேர் என்று பெயர் வைத்தார்கள். தகப்பனாருக்கு அபினி இலாகாவில் உத்தியோகம். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும், தாயார் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் இவர்தான்.

சிறு வயது முதலே ஆர்வெலுக்கு நெஞ்சு பலவீனம். ஆனால் புகைப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. காரமான புகையிலையைத் தாளில் சுருட்டி, ஓயாமல் பிடிப்பார்.

1937-ல் ஸ்பெயின் நாட்டுப் போரில் ஒரு குண்டு அவர் கழுத்தைத் துளைத்தது. ஆனாலும் பிழைத்துக்கொண்டார். மறு ஆண்டு ரத்தமாக இருமினார். பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்போதும் புகையை விடவில்லை.

புகை என்ன செய்கிறது?

நம் மூச்சுக் குழாயில் மிக நுண்ணிய மயிர்கள் உண்டு. தூசியையும் கிருமிகளையும் அவை துடைப்பம் போல் வெளியே தள்ளும். சிகரெட் புகை அவற்றைச் செயல் இழக்கச் செய்கிறது. நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்களையும் அது பலவீனப்படுத்துகிறது. காவல்காரன் தூங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே!

தீவில் எழுதிய நாவல்

1946-ல் ஸ்காட்லாந்தில் உள்ள ஜூரா தீவுக்கு ஆர்வெல் போனார். மனைவி முந்திய ஆண்டே இறந்துவிட்டார். வளர்ப்பு மகன் சின்னஞ்சிறு பையன். 1947 டிசம்பரில் ஆர்வெலுக்குக் காசநோய் என்று தெரிந்தது. நோய் ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்து, மகனைக் கிட்டே விடாமல் தவித்தார்.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து அமெரிக்காவில் இருந்து வந்தது. அவர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வாயெல்லாம் புண், தலைமயிர் கொட்டியது. மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

தீவுக்குத் திரும்பினார். இருமலும் புகையுமாகப் படுக்கையில் இருந்தபடியே "1984" என்ற நாவலைத் தாமே டைப் அடித்து முடித்தார். 1949 ஜூனில் நாவல் வெளிவந்தது. 1950 ஜனவரி 21-ந் தேதி, லண்டன் ஆஸ்பத்திரியில் நுரையீரல் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். வயது 46. மகனுக்கு 5 வயது.

காசநோய் தருவது கிருமி, புகை அல்ல. ஆனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவது புகை. புகை பிடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் அபாயம் மற்றவர்களைப்போல் சுமார் 2 மடங்கு என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆர்வெல் காலத்தில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. இன்று நமக்குத் தெரியும்.