ஜப்பான் மறவாத ஜே.ஆர்.

மன்னார் மாவட்டத்தின் வட எல்லையை அண்டிய வெள்ளாங்குளத்தில் அண்மையில் முதியவர் ஒருவருடன் உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. 2008 ஆகஸ்ட் மாத ஆரம்பத்தில் அக்கிராமம் படையினர் வசமான வேளையில் இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்த பின்னர் மீளக்குடியேறியவர் அவர். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணிகளுக்கு ஜப்பான் நிதி வழங்கி வந்ததை நினைவுகூர்ந்த அவர், எங்கோ இருக்கும் ஜப்பான்காரருக்கு எங்கள்மீது ஏன் இந்த அக்கறை என்று வினவினார். அரசுகளின் உதவிக்குப் பின்னால் நலன்களும் இருக்கும் என்பதை நாம் அறிவோம். எனினும் அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி 1951 ஆம் ஆண்டில் இருக்கின்றது. அதில் வரும் மனிதரின் பெயரைக் கேட்டதும் முதியவர் மௌனமாகி விட்டார். ஜூனியஸ் ரிச்சர்ட் ஜயவர்தன என்பதே அப்பெயர்.

1906 செப்டெம்பர் 17 ஆம் திகதி கொழும்பில் பிறந்த ஜே.ஆர்., உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மூத்த புதல்வர். கிறிஸ்தவராகப் பிறந்து பௌத்தத்தைத் தழுவியவர். ரோயல் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் கற்று, 1943 இல் களனித் தொகுதி இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார். மறு ஆண்டே சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். வி.நல்லையா முன்வைத்த திருத்தத்தின்படி தமிழும் அதில் சேர்க்கப்பட்டது, ஜே.ஆர். அதனை ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுதந்திர இலங்கையின் முதலாவது நிதியமைச்சரும் அவரே.

ஜப்பான் இலங்கைக்கு அந்நியமான எதிரியாக இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அதன் விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலை தாக்கப்பட்டது; ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஆகவே, 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடனான சமாதான மாநாடு கூடியபோது நட்டஈடு கோரும் உரிமை இலங்கைக்கும் இருந்தது.

மாநாட்டுக்குச் செல்லும் வழியில் ஜப்பானில் தங்கிய ஜே.ஆர்., அந்நாட்டு அமைச்சர்களையும் விகாரைகளிலிருந்த துறவிகளையும் சந்தித்தார். தோல்வியிலும் பஞ்சத்திலும் வாடிய அம்மக்களிடம் புத்தரின் போதனை இன்னமும் உயிர்ப்புடன் இருப்பதாக அவர் கண்டார். செப்டெம்பர் 6 ஆம் திகதி மாநாட்டில் உரையாற்றிய அவர், குண்டு வீச்சினாலும், பெருந்தொகைப் படையினர் இங்கு நிலைகொண்டதாலும், இறப்பர் மரங்கள் அளவுமீறி வெட்டப்பட்டதாலும் இலங்கைக்கு நேர்ந்த இழப்புகளை முதலில் பட்டியலிட்டார். பின்னர், அவற்றுக்காக இலங்கை எதனையும் கோரப்போவதில்லை என அறிவித்தார். பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தரின் போதனையே அவர் காட்டிய காரணம். எமது முஸ்லிம் வாசகர்களுக்கு மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய பொதுமன்னிப்பு இங்கு நினைவுக்கு வரலாம். ஜப்பானின் சுதந்திரத்துக்கு வரையறைகளை வேண்டிய சோவியத் ஒன்றியத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஜப்பானியருக்காக அந்நாடு கேட்கும் சுதந்திரங்கள் அதன் சொந்த மக்களுக்கே கிடைக்காதவை என்று குத்திக் காட்டினார்.

ஜப்பான் துண்டாடப்படுவதை ஜே.ஆரின் அந்த ஒரே உரைதான் தடுத்தது என்று தென்னிலங்கையில் கூறப்படும் கதை மிகையானது. ஒப்பந்தத்தின் வாசகம் மாநாட்டுக்கு முன்னரே அமெரிக்காவினால் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்தியாவும் பர்மாவும் மாநாட்டுக்கே வராத நிலையில், ஆசியாவிலிருந்து, அதுவும் குண்டு வீச்சுக்கு உள்ளான ஒரு நாட்டிலிருந்து எழுந்த அக்குரல் தலைகுனிந்து அமர்ந்திருந்த ஜப்பானியருக்கு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஜப்பானியர் அதை மறக்கவில்லை. பெற்ற நன்மையை ‘ஓன்’ என்னும் கடனாகவும், அதைத் திருப்பிச் செலுத்துவதை வாழ்நாட் கடமையாகவும் கருதும் மரபு அவர்களுடையது. கண்ணியிலிருந்து தன்னை விடுவித்த ஏழையின் வீட்டுக்குப் பெண்ணுருவில் வந்து, தன் இறகுகளைப் பிடுங்கித் துணி நெய்து கொடுத்த கொக்கின் கதையை அங்கு குழந்தைகளுக்குச் சொல்கின்றார்கள். செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே குறளில் கொண்டிருக்கும் எமக்கு இது புரியாத பண்பன்று. ஜே.ஆர். ஜனாதிபதியாக இருந்த காலத்தில் ரூபவாஹினி தொலைக்காட்சி நிலையமும், ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையும் ஜப்பானின் அன்பளிப்பாக எழுந்தன. 13 ஆம் நூற்றாண்டின் வெண்கலப் புத்தர் சிலை வீற்றிருக்கும் கமகுரா விகாரை வளவில் 1991 இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

இனி, வெள்ளாங்குளத்து முதியவரின் மௌனத்துக்கு வருவோம்.

சான் பிரான்சிஸ்கோ உரைக்கு ஆறே ஆண்டுகளின் பின்னர், 1957 ஒக்டோபரில், பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டவரும் இதே ஜே.ஆர்.தான். 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140 ஐ அவரது கட்சி கைப்பற்றியது. இந்நாட்டில் வேறெவருக்கும் அதுவரை கிட்டாத அந்தப் பலத்தைக்கொண்டு இனப்பிரச்சினையைத் தீர்த்திருக்கலாம். தமிழுக்குத் தேசிய மொழி என்ற தகுதியை 1978 யாப்பு வழங்கியது உண்மை. ஆனால் மறு ஆண்டே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். வன்செயல் தொடங்கி நாட்கள் சென்ற பின்னர், 28 ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி, சிங்கள மக்களின் உணர்வுகளை விளக்கினாரேயன்றி, வீடிழந்து அகதி முகாம்களில் கிடந்த தமிழருக்கு ஒரு வார்த்தை ஆறுதல் கூறவில்லை. அந்த உரையை ஒளிபரப்பியது, சான் பிரான்சிஸ்கோ நன்றிக்கடனாக வந்த அதே ரூபவாஹினி.

முதியவரின் மாவட்டமும் அக்காலத்தில் தப்பவில்லை. 1984 டிசம்பர் 4 ஆம் திகதி இராணுவ வாகனங்கள் கண்ணிவெடியில் சிக்கியதைத் தொடர்ந்து, முருங்கனிலும் மன்னார் வீதியிலும் அப்பாவிப் பொதுமக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டது. முஸ்லிம்களின் கடும் எதிர்ப்பை அவர் பொருட்படுத்தவில்லை. அவரது வெளிவிவகார அமைச்சர் ஒரு முஸ்லிமாக, ஏ.சி.எஸ்.ஹமீதாக இருந்தும் இது நிகழ்ந்தது.

அந்நியருக்குத் தாராளமாக வழங்கிய ஒன்றைச் சொந்த மக்களுக்கு மறுத்தமைக்கு என்ன காரணம்? ஜப்பானை மன்னித்தபோது அவர் இழக்க எதுவுமிருக்கவில்லை. அங்கு அவரை நிராகரிக்க வாக்காளர் எவருமில்லை. உரையில் பொய்யிருந்தது என்று நாம் கருதவில்லை. அன்று அவர் நம்பியதையே சொன்னார். அதே நம்பிக்கையைக் களனியிலும் கண்டியிலும் சொல்வதற்கு வேறுவகைத் துணிவு தேவைப்பட்டது. 1987 இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது அத்துணிவின் சாயல் தெரிந்தது. அப்போதும் அது புதுடில்லியின் அழுத்தத்தின் கீழேயே வந்தது.

1996 நவம்பர் முதலாம் திகதி, 90 ஆவது வயதில் ஜே.ஆர். காலமானார். அவரது விருப்பப்படி கண்கள் தானமாக வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஜப்பானியர் ஒருவருக்குப் பார்வை தந்தது. 1983 ஜூலைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கோரப்பட்டது 2004 ஜூலையில். கோரியவர் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க. ஜே.ஆர். மறைந்து அப்போது ஏழு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.