மல்லன் மிலோன் சரித்திரம்

தேகபலம் ஒருவனுக்குப் பெருஞ்செல்வமே. ஆயினும் அது பிறரைக் காத்தற்குப் பயன்படுமிடத்துப் புகழாம்; அளவறியாவிடத்துக் கேடாம். இவ்விரண்டிற்கும் பழைய கிரேக்க மல்லனாகிய மிலோனது சரித்திரம் தக்க சான்றாகும்.

இத்தாலி தேசத்தின் தென்கரையிற் கிரேக்கர் குடியேறி அமைத்த கிரோட்டன் என்னும் நகரமே இவனது ஊர். இளமையில் ஒரு கன்றை நாடோறும் தோளிற் சுமந்து வந்தானென்றும், கன்று காளையாக வளர வளர இவனது வலியும் உடன் வளர்ந்ததென்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். நான்காண்டுக்கொருமுறை நடைபெறும் ஒலிம்பியா விழாவில், கி. மு. 540-இல் சிறுவர்க்குரிய மல்யுத்தத்தில் வென்றான். பின்னர் 532 முதல் 516 வரை நிகழ்ந்த ஐந்து விழாக்களிலும் ஆடவருள் இவனே வாகை சூடினான். ஏழாம் முறை சென்றபொழுது, இவனுடைய ஊரினனாகிய திமாசித்தியஸ் என்னும் இளைஞன் நெருங்கிப் பிடிகொடாது விலகி நின்று பொருதமையால் வெற்றி கிட்டவில்லை.

அக்காலத்து அந்நகரில் பித்தாகரஸ் என்னும் தத்துவ ஞானி வாழ்ந்திருந்தார். மிலோன் அவருடைய குழுவினருள் ஒருவனாயினான். அண்டை நகராகிய சிபாரிஸில் டெலிஸ் என்பவன் அதிகாரத்தைக் கைப்பற்றி, செல்வர் ஐந்நூற்றுவரை நாடுகடத்திப் பொருளையும் கவர்ந்தான். அவர்கள் கிரோட்டனில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்புவித்தல் வேண்டும், அன்றேல் போர் என்று டெலிஸ் தூது விடுத்தான். பகைவர் படையோ மிகப் பெரிது. நகரத்தார் அஞ்சி மனந்தடுமாறினர். புகலடைந்தாரைக் கைவிடலாகாதென்று பித்தாகரஸ் அறிவுறுத்த, நகரத்தாரும் அதற்கு இசைந்தனர்.

கி. மு. 510-இல் நிகழ்ந்த அப்போரில் மிலோனே சேனாபதியாயினான். ஒலிம்பியாவிற் பெற்ற வெற்றி முடிகளைத் தலையிற் சூடி, சிங்கத்தோல் போர்த்து, கையிற் கதை தாங்கி, ஹெராக்ளிஸ் என்னும் வீரனைப்போல முன்சென்று பொருதானென்பர். வெற்றி கிரோட்டனுக்கே உரித்தாயிற்று.

அவ்வெற்றி அம்மட்டில் நின்றிருப்பின் குறையொன்றுமில்லை. வென்றவர்களோ சிபாரிஸைக் கொள்ளையிட்டு, கிராதிஸ் ஆற்றை அதன்மேற் பாயவிட்டு, நகரையே அழித்தனர். அறத்தின்பொருட்டுத் தொடங்கிய போர் சினத்தில் முடிந்தது. பின்னர்க் கிரோட்டனிலேயே உட்பகை மூண்டது. பித்தாகரஸ் குழுவினரைப் பகைத்தோர், அவர்கள் கூடியிருந்த மிலோனது வீட்டிற்குத் தீயிட்டனரென்று பழைய நூல்கள் கூறும்.

மிலோனது முடிவைப் பற்றியும் ஒரு கதையுண்டு. காட்டு வழியில் ஆப்பறையப்பட்டுப் பாதி பிளந்து கிடந்த ஒரு மரத்தைக் கண்டு, அதனைக் கையாற் பிளப்பேனென்று முனைந்தான். ஆப்பு வீழ்ந்தது, மரம் கைகளைக் கவ்விக்கொண்டது. ஒலிம்பியாவில் ஆறு முறை வென்ற வீரன் ஓநாய்களுக்கு இரையாயினான். இக்கதை மெய்யாயினும் புனைவாயினும் அதன் கருத்து மெய்யே.

ஆதலின் நம் சிறுவர்கள் நாடோறும் உடற்பயிற்சி செய்து வலிமை பெறுக. அவ்வலிமையால் எளியாரைக் காக்க. எவ்விடத்து நிறுத்தல் வேண்டுமென்பதையும் உடன் கற்க.