அரபு இலக்கணம் எழுதிய வழக்கறிஞர்: சித்தி லெப்பை

ஆண்டுதோறும் கோடையில் எங்கள் திருத்தணி வட்டத்தில் ஜமாபந்தி நடைபெறும். தாசில்தார் வருவார், கணக்குகள் விரிக்கப்படும், உழவர்கள் மகசூல் பற்றியும் பட்டா பற்றியும் மனு அளிப்பர். அதே வாரத்து வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாத் தொழுகைக்காக ஜமாஅத்தார் கூடுவர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் பகுதி இது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில்தான் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. இரு மொழிகளைப் பற்றியே நெடுங்காலம் வழக்காடிய நாம், மூன்றாவதாக ஒரு மொழி நம் நாவில் அமைதியாகக் குடியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மொழி அரபு. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக் காலத்தில் பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே வந்து, மணவூர் உழவர் வரைக்கும் பழகிப்போன சொற்கள் அதனுடையவை.

இச்சொற்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஜமா, ஜமாஅத், ஜும்மா ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. கூடுதல், கூட்டுதல் என்பது அவ்வேரின் பொருள். தொகையைக் கூட்டினாலும் மக்கள் கூடினாலும் வேர் ஒன்றே. தாசிலும் மகசூலும் உடன்பிறந்தவை. பெறுதல் என்னும் பொருளுடைய ஒரு வேரிலிருந்து, ஒன்று வரி பெறுவதையும் மற்றொன்று விளைவாகப் பெற்றதையும் குறிக்கின்றது. வக்கீலும் வக்காலத்தும் அவ்வாறே: பொறுப்பை ஒப்படைத்தல் என்பது வேர்ப்பொருள், ஒப்படைக்கப் பெற்றவர் வக்கீல், ஒப்படைப்பு வக்காலத்து. பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளால் ஆன வேரை வைத்துக்கொண்டு, உயிரொலிகளை மாற்றியும் முன்னும் பின்னும் சில எழுத்துகளைச் சேர்த்தும் சொற்களைப் பெருக்குவது அரபு மொழியின் இயல்பு. தமிழோ அடிச்சொல்லை உடைக்காமல் அதன் பின்னே உறுப்புகளை ஒட்டிக்கொண்டே செல்லும்.

வக்கீல் என்ற சொல்லே என்னை இக்கட்டுரைக்குரியவரிடம் கொண்டுசேர்த்தது. அவரும் ஒரு வக்கீல். கண்டி மாநகரத்து வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை. நம் வட்டத்து அன்பர்கள் பலர் அவரை ‘அசன்பே சரித்திரம்’ எழுதிய நாவலாசிரியராக அறிவர். நீதிமன்றத்தில் வாதாடிய அம்மனிதர் சிறுவர்க்காக அரபு இலக்கணமும் எழுதினார் என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத செய்தி.

சித்தி லெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தையார் முகம்மது லெப்பை, இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள அளுத்கமையைப் பூர்வீகமாகக் கொண்டவர். 1833இல் வழக்கறிஞராக நியமனம் பெற்றவர். இலங்கை முஸ்லிம்களுள் அப்பதவியை முதன்முதலில் அடைந்தவர். அத்தகைய இல்லத்தில் பிறந்த மகனுக்கு அரபும் தமிழும் ஆங்கிலமும் இளமையிலேயே வாய்த்ததில் வியப்பில்லை. 1862இல் தாமும் வழக்கறிஞரானார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக அமர்ந்தார். நீதிபதியின் பொறுப்பையும் சில காலம் வகித்தார். வருவாயும் மதிப்பும் குறைவின்றி இருந்தன. அந்நிலையிலேயே நின்றிருந்தால் ஊரார் போற்றும் செல்வராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாம் இன்று அவரைப் பற்றி எழுத நேர்ந்திராது.

அக்காலத்து இலங்கை முஸ்லிம் சமுதாயத்தின் கல்வி நிலையை இங்குச் சொல்லியாக வேண்டும். வீட்டுமொழி தமிழ்; வேதமொழி அரபு; அரசுமொழி ஆங்கிலம். ஆங்கிலப் பள்ளிகளைப் பெரும்பாலும் கிறித்தவச் சபையார் நடத்தினர். பிள்ளைகள் சமயம் மாறிவிடுவரோ என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் அவற்றை ஒதுக்கினர். எஞ்சியது ஓதற்பள்ளி. அங்கே பிள்ளைகள் அரபு எழுத்துகளைக் கற்று, திருமறையைப் பிழையற ஓதப் பழகினர். ஒலி செவ்வையாக வந்தது, பொருள் வரவில்லை. பல ஆண்டு ஓதிய பிள்ளையும் ஒரு சிறு வாக்கியத்தில் யார் செய்தார், எதைச் செய்தார் என்று சொல்ல இயலாத நிலை. ஓதுதலின் புனிதத்தை நான் குறைத்துக் கூறவில்லை. நம் தேவாரப் பள்ளிகளிலும் பண் முந்திப் பொருள் பிந்திய காலம் உண்டு. ஆயினும் ஒலி மட்டுமே கல்வியாகிவிட்டால் பொருள் கற்றறிந்த சிலரின் தனிச்சொத்தாகிவிடும். சித்தி லெப்பையை உறுத்தியது இதுவே.

இதற்கு மருந்து இலக்கணம். அவர் அரபு இலக்கணத்திற்கென எழுதிய நூலின் பெயர் ‘துஹ்பதுன் நஹ்வு’. துஹ்பா என்பது அன்பளிப்பு. நஹ்வு என்பது சொற்றொடர் இலக்கணம். இலக்கணத்தை அன்பளிப்பு என்று பெயரிட ஓர் ஆசிரியனுக்கு மனம் வரவேண்டும். வகுப்பறையில் இலக்கணம் நடத்தும் எனக்கு அதன் அருமை தெரியும்!

தமிழ் பேசும் பிள்ளை அரபு வாக்கியத்தின் வாயிலில் நுழையும்போது எவை எளியனவாகவும் எவை அரியனவாகவும் இருக்கும் என்பதை இங்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். அரபு இலக்கணத்தின் முதற்பாடமே சொல்லின் வகைதான். இஸ்மு, பிஃலு, ஹர்பு என அவர்கள் மூன்றாகப் பகுப்பர். பெயர், வினை, இடை என்று தொல்காப்பியம் கற்றவர் உடனே பொருத்திக்கொள்ளலாம். நம்முடைய உரிச்சொல்லுக்கு மட்டும் அங்கே தனி இடம் இல்லை. பண்புச்சொற்கள் பெயருள் அடங்கிவிடும். எண்ணில் ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. பாலில் ஆண், பெண் என இரண்டே. கல்லும் மரமும் கூட இவ்விரண்டுள் ஒன்றில் அடங்கியாக வேண்டும். அஃறிணைக்குத் தனி வரிசை அளித்த தமிழின் பிள்ளை இங்கே சற்றுத் திகைக்கும்.

அடுத்தது வாக்கிய வகை. பெயரில் தொடங்குவது ஒன்று, வினையில் தொடங்குவது மற்றொன்று. ‘ஸைதுன் காயிமுன்’ என்றால் ஸைது நிற்பவன் என்பது பொருள். இதில் வினைமுற்று இல்லை. ‘சாத்தன் உழவன்’ என்னும் நம் தொடரிலும் இல்லை. ஆங்கிலம் கற்பவன் இவ்விடத்தில் ஒரு துணைவினையைத் தேடித் தவிக்க, தமிழ்ப்பிள்ளை தடையின்றிக் கடந்துவிடும். எழுவாயை முப்ததா என்பர். தொடங்கப்பட்டது என்பது அதன் பொருள். நம் இலக்கணத்தார் எழுவாய் என்று வைத்த பெயரும் எழுகின்ற இடம், அதாவது தோற்றுவாய் என்னும் கருத்தினதே. ஒன்றையொன்று அறியாத இரு மரபினரும் ஒரே எண்ணத்தை எட்டியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்த செய்தி.

வினைத்தொடரில் வினை முன்னே வரும். நாம் முடிக்கும் இடத்தில் அவர்கள் தொடங்குவர். நம் இலக்கண உரைகளில் சாத்தனும் கொற்றனும் காலங்காலமாக வந்துபோவது போல, அரபு இலக்கணங்களில் ஸைதும் அம்ரும் ஓயாது தோன்றுவர். ‘ளரப ஸைதுன் அம்ரன்’ என்றால் ஸைது அம்ரை அடித்தான் என்பதாம். (ரமளான் என்று ளகரம் இட்டு எழுதும் வழக்கின்படி ளரப என்று எழுதினேன்.) அடித்தவன் பெயர் உகர ஒலியோடும் அடிபட்டவன் பெயர் அகர ஒலியோடும் முடியும். ‘ளரப ஸைதன் அம்ருன்’ என இறுதி ஒலிகளை மாற்றினால் அடித்தவன் அம்ரு ஆகிவிடுவான்; அடி ஸைதுக்கு. நாம் ஐ உருபால் செய்வதை அவர்கள் ஓர் உயிரொலியால் செய்து முடிக்கின்றனர்.

தமிழ்ப்பிள்ளைக்கு ஓர் இடர் இங்கேதான் காத்திருக்கிறது. ‘அன்’ என்னும் ஈறு நமக்கு ஆண்பால் ஒருமை விகுதி. சாத்தன், கொற்றன், கண்ணன் என எழுவாயாக நிமிர்ந்து நிற்பது. அரபில் ‘ஸைதன்’ என்று கேட்டால் நம் காது அவனையே வினைசெய்தவனாகக் கொள்ளும். உண்மையில் அவன் செயப்படுபொருள், அடிபட்டவன். ஒலியை மட்டும் கற்ற பிள்ளை இக்குழியில் விழுவது உறுதி. தமிழ் அறிந்த ஒருவர் அருகிருந்து சொல்லித் தந்தாலன்றி இக்குழி கண்ணுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. ‘கிதாபுன் கபீருன்’ என்பது பெரிய புத்தகம் என்னும் தொடர். ‘அல்’ என்னும் முன்னொட்டை முதற்சொல்லில் மட்டும் சேர்த்து ‘அல்கிதாபு கபீருன்’ என்றால் புத்தகம் பெரியது என்னும் முற்றுப்பெற்ற வாக்கியம் ஆகிவிடும். நாம் சொற்களை இடம் மாற்றியும் ‘து’ விகுதி சேர்த்தும் செய்யும் வேறுபாட்டை அவர்கள் ஒரு சிறு முன்னொட்டால் செய்கின்றனர். ஒரு சிறு அசையால் பொருள் மாறுவதை ஒரு வழக்கறிஞர் நன்குணர்வார். 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை நடைமுறையில் இருந்த நாட்டில், வாரிசுரிமைக்கும் மணமுறைக்கும் சொற்பொருளே அடிப்படையாக நின்ற நீதிமன்றங்களில் பழகியவர் சித்தி லெப்பை. அவர் இலக்கணத்தின்பால் திரும்பியதற்கு அப்பழக்கமும் ஒரு காரணமாதல் வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

தாய்மொழியாக அல்லாதார் ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவது குறையன்று. அரபு இலக்கணத்தின் பெருநூலை 8ஆம் நூற்றாண்டில் ஆக்கிய சீபவைஹி பாரசீகர். நம் தொன்னூல் விளக்கத்தை இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலியர். கற்றுக்கொண்டவருக்கே எங்கே இடறினோம் என்பது நினைவிருக்கும்.

இலக்கணம் எழுதினால் போதாது. படிக்கப் பள்ளி வேண்டும். பள்ளிக்கு மக்கள் மனம் வேண்டும். மனத்தை ஆயத்தம் செய்ய அவர் கைக்கொண்ட கருவி இதழ். 1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ வார இதழைத் தொடங்கினார். அரபுத் தமிழும் அதில் இடம்பெற்றது. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தால் எழுதுவதே அரபுத் தமிழ். அரபில் பகரமும் டகரமும் ஙகரமும் இல்லை. உள்ள எழுத்துகளுக்குப் புள்ளிகள் கூட்டி அவற்றை நம் முன்னோர் படைத்துக்கொண்டனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும், பள்ளிக்கூடம் கண்டிராத பெண்களும் கூட இவ்வெழுத்தால் படித்தனர்.

இதழ் தொடங்கிய சில நாட்களில், 1883 ஜனவரியில், எகிப்தின் விடுதலைத் தலைவர் அஹ்மத் அராபி பாஷா நாடு கடத்தப்பட்டவராய்க் கொழும்பில் வந்திறங்கினார். 1882 செப்டம்பரில் தெல் எல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றவர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பயின்றவர். நூல்களிலும் தொழுகையிலும் மட்டும் அரபைக் கேட்டிருந்த இலங்கையர்க்கு, அதனைத் தாய்மொழியாகப் பேசும் பெருந்தலைவர் ஒருவர் அண்டை வீட்டாராக வாய்த்தார். சித்தி லெப்பைக்கும் அவருக்கும் நட்பு மலர்ந்தது. ஆங்கிலக் கல்வியை அஞ்ச வேண்டியதில்லை என்பதில் இருவரும் ஒத்திருந்தனர். ஆங்கிலேயரோடு போரிட்ட ஒருவரே அதைச் சொன்னது சமுதாயத்தின் காதில் ஏறியிருக்க வேண்டும்.

1884இல் சித்தி லெப்பை கொழும்பில் ‘அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா’ என்னும் பள்ளியை நிறுவினார். சமயக் கல்வியோடு ஆங்கிலமும் ஏனைய பாடங்களும் பயிற்றுவது அதன் நோக்கம். எதிர்ப்பு இருந்தது, ஆதரவு தளர்ந்தது, பள்ளியும் நலிந்தது. அவர் தளரவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்கார் முன்னின்று உழைக்க, அராபி பாஷாவின் ஆதரவோடு மருதானைப் பள்ளிவாசலருகே மீண்டும் ஒரு பள்ளி தோன்றியது. அதுவே சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

பெண் கல்வியை நான் தனியே குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1891இல் அவர் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். அவருடைய தங்கையே அங்குக் கற்பிக்கத் துணைநின்றார். தமையன் திறந்த வாயிலில் தங்கை ஆசிரியையாக நின்றாள் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறைப் பெண்ணாகிய எனக்கு அது சிறு செய்தி அன்று.

‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திற்கு (1879) அடுத்துத் தமிழ் நாவல் வரலாற்றில் வைத்து எண்ணப்படுவது. முன்னவர் முன்சீப், பின்னவர் வழக்கறிஞர். தமிழ் நாவல் நீதிமன்ற வளாகத்தில் பிறந்தது என்று நான் மாணவர்க்கு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கதைத்தலைவன் எகிப்தைச் சேர்ந்தவன். அராபி பாஷாவோடு பழகிய நாட்களின் நிழல் அதில் படிந்திருப்பதைக் காணலாம். பிற்காலத்தில் அவர் மனம் மெய்ஞ்ஞானத்தின்பால் சென்றது. ‘அஸ்றாறுல் ஆலம்’ அதன் பயன்.

வழக்குத் தொழிலில் ஈட்டியதை இதழுக்கும் பள்ளிகளுக்கும் செலவிட்ட அப்பெரியார் 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் கண்டியில் காலமானார். மஹியாவையில் அடக்கம் செய்யப்பெற்றார். அராபி பாஷா 1901இல் தாயகம் திரும்பினார்; அவர் கண்டியில் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. இலங்கை அரசு 1977இல் சித்தி லெப்பைக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவருடைய நாவல் இருகரையிலும் மீண்டும் மீண்டும் அச்சாகிவிட்டது. துஹ்பதுன் நஹ்வைத் தமிழ் எழுத்தில், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தோடு ஒப்பிட்டு, குறிப்புரையுடன் பதிப்பிக்கும் ஆய்வாளர் ஒருவர் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து எழ வேண்டும் என்பது என் அவா. அரபும் தமிழும் அறிந்த ஒருவரோடு அப்பணியில் இணைந்து, தமிழ்ப்பகுதியைச் செய்து தர நான் ஆயத்தமாக உள்ளேன்.